இரண்டு வைரங்களுக்கு நடுவே

1940களின் தொடக்கம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் இயற்பியல் துறையில் ஓர் இளம்பெண் இரவெல்லாம் கண்விழித்து வைரங்களையும் மாணிக்கங்களையும் ஒளிரவைத்துக்கொண்டிருந்தார். பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, சி.வி. ராமனிடம் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்திருந்த அன்னா மாணி அவர். கல்லைத் திரவக் காற்றால் குளிர்வித்து, அதன்மேல் ஒளியைப் பாய்ச்சி, அது திரும்ப உமிழும் மங்கலான ஒளியை நிறமாலைமானி வழியாக ஒளிப்படத் தகட்டில் பிடிக்க வேண்டும். ஒரே தகட்டுக்குப் 15 முதல் 20 மணி நேரம்வரை பிடிக்கும். 1942க்கும் 1945க்கும் இடையில் தனியாளாக ஐந்து ஆய்வுக் கட்டுரைகளை அவர் எழுதினார். 1945இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வேட்டை அனுப்பினார். எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்ற காரணத்தால் முனைவர் பட்டம் கிடைக்கவில்லை. பிறகு இங்கிலாந்து சென்று வானிலைக் கருவிகளைப் பற்றிப் பயின்று திரும்பிய அவரை நாடு வானிலை அறிஞராகவே அறியும்.

அவர் ஆராய்ந்த அந்த இரண்டு கற்களும் முப்பதாண்டுகளுக்குள் ஒரே கருவிக்குள் வந்து சேர்ந்தன. உள்ளங்கையில் அடங்கும் அந்தக் கருவிக்கு வைரப் பட்டடைக் கலம் என்று பெயர். வைரம் அதில் அழுத்துகிறது. மாணிக்கம் அழுத்தம் எவ்வளவு என்று சொல்கிறது. மருந்து, சர்க்கரை, அமினோ அமிலம், பென்சீன் போன்ற கரிமச் சேர்மங்களின் படிகங்கள் கடும் அழுத்தத்தில் எப்படி உருமாறுகின்றன என்பதை மனிதன் கண்ணால் பார்த்தது இந்தக் கருவி வந்த பிறகுதான். கருவி பிறந்தது அமெரிக்காவில். ஆனால் அதற்கு முன்னும் பின்னும் நடந்த கதையில் பெங்களூருவுக்கு உள்ள பங்கு, இந்த நகரத்தில் இருப்பவர்களுக்கே அவ்வளவாகத் தெரியாது.

அழுத்தினால் என்ன ஆகிறது?

உப்பு, வைரம், இரும்பு போன்ற திடப்பொருள்களில் அணுக்கள் வலுவான பிணைப்புகளால் கட்டப்பட்டவை. கரிமப் படிகம் வேறு வகை. அதில் ஒவ்வொரு மூலக்கூறும் தன்னளவில் உறுதியானது. ஆனால் மூலக்கூறுக்கும் மூலக்கூறுக்கும் இடையே உள்ள ஈர்ப்பு பலவீனமானது. ஹைட்ரஜன் பிணைப்புகளும் அவற்றைவிட மெலிந்த வான் டெர் வால்ஸ் விசைகளும்தான் அந்த அடுக்கைத் தாங்கி நிற்கின்றன. படிகத்தின் கன அளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெற்றிடம். அழுத்தம் முதலில் தின்பது அந்த வெற்றிடத்தைத்தான்.

நெரிசலான நகரப் பேருந்தில் நடத்துநர் மேலும் பத்துப் பேரை ஏற்றும்போது, நேராக நின்றவர்கள் பக்கவாட்டில் திரும்பி, தோளைச் சாய்த்து, வேறு விதமாக நிற்கத் தொடங்குவார்களே, மூலக்கூறுகளும் அப்படித்தான். ஓர் எல்லைவரை அதே வரிசையில் நெருங்குகின்றன. அதற்குமேல் அந்த வரிசை தாங்காது. சட்டென்று திரும்பி, வழுக்கி, குறைந்த இடத்தை அடைக்கும் புதிய வரிசைக்கு மாறுகின்றன. மூலக்கூறு மாறவில்லை, அடுக்கு மாறிவிட்டது. ஒரே சேர்மம் இப்படிப் பல அடுக்குகளில் படிகமாவதைப் பல்லுருவம் என்கிறது படிகவியல்.

இதற்குத் தேவைப்படும் அழுத்தத்தை கிகாபாஸ்கலில் அளக்கிறார்கள். ஒரு கிகாபாஸ்கல் என்பது ஏறத்தாழ 10,000 வளிமண்டல அழுத்தம். உலகிலேயே ஆழமான கடற்பகுதியான மரியானா அகழியின் அடியில் இருப்பதுபோல் சுமார் ஒன்பது மடங்கு. கரிமப் படிகங்கள் பல, ஒன்று முதல் பத்து கிகாபாஸ்கலுக்குள் உருமாறிவிடுகின்றன. இருபது, முப்பது என்று ஏற்றிக்கொண்டே போனால் மூலக்கூறுகளே உடைந்து ஒன்றோடொன்று பிணையத் தொடங்கும்.

இந்தத் துறையின் முன்னோடி ஹார்வர்டின் பெர்சி பிரிட்ஜ்மன். 1905 வாக்கில் தொடங்கி அரை நூற்றாண்டு பொருள்களை அழுத்திக்கொண்டே இருந்தார். 1914இல் முட்டையின் வெள்ளைக்கருவை வெறும் அழுத்தத்தாலேயே, சூடாக்காமல், கட்டியாக்கிக் காட்டினார். கற்பூரம் உள்ளிட்ட ஏராளமான கரிமச் சேர்மங்கள் அழுத்தத்தில் புதுப்புது வடிவங்களை எடுப்பதைப் பதிவு செய்தார். 1946இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அவர் கையாண்டவை கனத்த எஃகுக் கருவிகள். உள்ளே கன அளவு திடீரென்று குறைந்தால் ஏதோ மாறிவிட்டது என்று தெரியும். மூலக்கூறுகள் எப்படி அடுக்கப்பட்டுள்ளன என்று பார்க்க வழியில்லை. அழுத்தத்தைத் தாங்குவதோடு ஒளியையும் எக்ஸ் கதிரையும் உள்ளே விடும் ஒரு சன்னல் தேவைப்பட்டது.

ராமனின் வைரங்கள்

அந்தச் சன்னலுக்கு ஏற்ற பொருள் வைரம். கடினத்தில் அதற்கு நிகரில்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளியை விடும். எக்ஸ் கதிரையும் பெருமளவு விடும். ஆனால் எல்லா வைரமும் ஒன்றுபோல் நடந்துகொள்வதில்லை. சில வைரங்கள் புற ஊதா ஒளியைத் தடுக்கும், சில விடும். சில நீலமாக ஒளிரும், சில பச்சையாக, சில ஒளிரவே செய்யா. எந்த வைரம் எதற்கு உதவும் என்பது கல்லின் உள்ளமைப்பைப் பொறுத்தது.

1933இல் கழகத்தின் முதல் இந்திய இயக்குநராகப் பெங்களூருவுக்கு வந்த ராமனுக்கு வைரம் வெறும் ஆய்வுப் பொருளாக இருக்கவில்லை. தீராத ஈர்ப்பாக இருந்தது. இந்தியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் சுமார் 300 வைரங்களை அவர் திரட்டியிருந்தார். அவருடைய மாணவர்களில் வைரத்தைத் தொடாதவர் அரிது. ஒருவர் அதன் எக்ஸ் கதிர்ச் சிதறலைப் பார்த்தார், ஒருவர் ஒளிர்வை, ஒருவர் ஒளி உட்கவர்தலை. 1944இல் ஆர்.எஸ். கிருஷ்ணன் வைரத்தின் இரண்டாம் வரிசை ராமன் நிறமாலையைப் பதிவு செய்தார். ராமன் 1934இல் தொடங்கிய இந்திய அறிவியல் அகாதமி வெளியிட்ட இதழ்களில் பெங்களூரு ஆய்வகத்தின் வைரக் கட்டுரைகள் வரிசையாக வந்தன. வைரத்தின் அமைப்பைப் பற்றி ராமன் முன்வைத்த சில விளக்கங்களைப் பிற்காலம் ஏற்கவில்லை. ஆனால் அந்த ஆய்வகம் எடுத்த அளவீடுகளும், ஒரு கல்லை இத்தனை கோணங்களில் பார்க்கப் பழகிய ஒரு தலைமுறை மாணவர்களும் நிலைத்தார்கள்.

கரிமப் படிகங்களும் ராமன் வட்டாரத்துக்குப் புதியவை அல்ல. அவர் கல்கத்தாவில் இருந்தபோது அவரோடு பணியாற்றிய கேதாரேஸ்வர் பானர்ஜி 1930 வாக்கிலேயே நாப்தலீன், ஆந்த்ரசீன் படிகங்களின் அமைப்பை ஆராய்ந்தார். விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன், டாக்காவில் இருந்தபடி கரிமப் படிகங்களைக் காந்தப் புலத்தில் தொங்கவிட்டு, அவை எந்தப் பக்கம் திரும்புகின்றன என்பதிலிருந்தே உள்ளே மூலக்கூறுகள் எந்தச் சாய்வில் படுத்திருக்கின்றன என்று கணக்கிட்டார். எக்ஸ் கதிர் முறை இன்னும் தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில் அது பெரிய சாதனை.

வைரத்தைச் சன்னலாக்கும் கருவியோ வேறிடத்தில் பிறந்தது. 1958–59இல் அமெரிக்கத் தேசியத் தரநிலை நிறுவனத்தில் ஆல்வின் வான் வால்கன்பர்க், சார்ல்ஸ் வேர் முதலியோர் முதல் வைரப் பட்டடைக் கலத்தை உருவாக்கினார்கள். கடத்தல்காரர்களிடம் அரசு பறிமுதல் செய்த வைரங்கள் அவர்களுக்குச் செலவில்லாமல் கிடைத்தன. தத்துவம் எளிது. அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்த அளவு. பரப்பைச் சிறிதாக்கிவிட்டால் கைவிசையே போதும். பட்டை தீட்டிய இரண்டு வைரங்களின் கூர்முனைகளைச் சீவி, அரை மில்லிமீட்டர் அகலமுள்ள தட்டையான முகங்களாக்கி, அவற்றை நேருக்கு நேர் நிறுத்துவார்கள். நடுவில் ஒரு மெல்லிய உலோகத் தகடு. தகட்டில் கால் மில்லிமீட்டர் அளவில் ஒரு துளை. அந்தத் துளைக்குள் படிகத் துணுக்கு ஒன்று, மாணிக்கத் துகள் ஒன்று, அழுத்தத்தை எல்லாப் பக்கமும் ஒரே சீராகப் பரப்ப மெத்தனாலும் எத்தனாலும் கலந்த ஒரு சொட்டு. சுற்றியுள்ள திருகுகளை ஒவ்வொன்றாக முடுக்கினால் துளைக்குள் ஆயிரக்கணக்கான வளிமண்டல அழுத்தம் எழும்.

மாணிக்கத்தின் வேலை 1972இல் வந்து சேர்ந்தது. அதே அமெரிக்க நிறுவனத்தினர், மாணிக்கம் உமிழும் 694 நானோமீட்டர் சிவப்பு ஒளிக்கோடு அழுத்தம் ஏற ஏற ஒழுங்காக இடம் நகர்கிறது என்று கண்டார்கள். ஒரு கிகாபாஸ்கலுக்கு ஏறத்தாழ 0.36 நானோமீட்டர். அன்னா மாணியின் தகடுகளில் பதிவான அதே சிவப்பு ஒளிர்வு உலகம் முழுவதும் அழுத்தமானி ஆனது.

இந்தக் கலத்தில் அமைப்பு கண்டறியப்பட்ட முதல் கரிமச் சேர்மங்களில் பென்சீன் முக்கியமானது. அறை வெப்பநிலையில் திரவமான பென்சீன், சுமார் 700 வளிமண்டல அழுத்தத்திலேயே உறைந்துவிடும். மேலும் அழுத்தினால் அந்தப் படிகம் இன்னொரு வடிவத்துக்கு மாறும். அந்த இரண்டாம் வடிவத்தின் அமைப்பை 2.5 கிகாபாஸ்கலில் வைத்தே எக்ஸ் கதிரால் 1969இல் தீர்த்தார்கள். கரிமப் படிகங்களின் உயர் அழுத்த வரலாறு முறையாகத் தொடங்கியது அங்கிருந்துதான்.

ஜெயராமனின் பயணம்

ராமன் 1948இல் கழகத்திலிருந்து ஓய்வு பெற்று, மேக்ரி வட்டத்துக்கு அருகே தன் பெயரிலான ஆய்வு நிலையத்தைத் தொடங்கினார். அங்கே 1949இல் உதவியாளராகச் சேர்ந்தவர் ஏ. ஜெயராமன். வானவில் நிறம் காட்டும் ஃபெல்ட்ஸ்பார் கற்கள், ஓபல், முத்து என்று ராமனோடு சேர்ந்து அவர் எழுதிய கட்டுரைகள் அனைத்தும் கல்லுக்குள் ஒளி என்ன செய்கிறது என்ற ஒரே கேள்வியைச் சுற்றியவை. ஏறத்தாழப் பத்தாண்டுகள் அங்கே கழிந்தன.

பின்னர் அவர் அமெரிக்கா சென்று கலிஃபோர்னியாவில் ஜார்ஜ் கென்னடியின் உயர் அழுத்த ஆய்வகத்திலும், அதன்பின் பெல் ஆய்வகத்திலும் பணிபுரிந்தார். 1970இல் அவரும் சகாக்களும் சமேரியம் சல்பைடு என்ற கறுப்புப் பொருளை அழுத்தியபோது, சுமார் 6,500 வளிமண்டல அழுத்தத்தில் அது பளபளக்கும் பொன்னிறம் பெற்றது. மின்சாரத்தை அரைகுறையாகக் கடத்திய பொருள் உலோகமாகிவிட்டது. அது கரிமப் பொருள் இல்லை. ஆனால் அழுத்தம் என்பது வெப்பநிலையைப் போலவே பொருளின் குணத்தை அடியோடு மாற்றும் கருவி என்பதை அந்த நிறமாற்றம் எவருக்கும் புரியும்படி காட்டியது.

1983இல் வைரப் பட்டடைக் கலத்தைப் பற்றி ஜெயராமன் எழுதிய நீண்ட மீளாய்வுக் கட்டுரை, இந்தத் துறைக்குள் நுழைபவர்களுக்கு ஒரு தலைமுறைக்குக் கையேடாக இருந்தது. எப்படிப்பட்ட வைரத்தைத் தேர்ந்தெடுப்பது, இரண்டு முகங்களை இணையாக எப்படி நிறுத்துவது, தகட்டில் எப்படித் துளையிடுவது என்று கைவேலையிலிருந்து கோட்பாடுவரை அதில் இருந்தது. மறு ஆண்டு ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் பொது வாசகர்களுக்காகவும் எழுதினார். 1989இல் ராமனைப் பற்றி ஒரு நினைவு நூலும் வெளியிட்டார். மேக்ரி வட்டத்தில் கற்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கற்ற ஒருவர், உலகத்துக்கு வைரத்தால் அழுத்தும் கலையைச் சொல்லிக்கொடுத்தார். இந்தத் தொடர்ச்சி தற்செயல் அல்ல. படிகத்தைக் கையில் எடுத்துப் பார்க்காமல் கோட்பாடு பேசக் கூடாது என்பது ராமன் பள்ளியின் பழக்கம். உயர் அழுத்த ஆய்வுக்கு அதைவிடச் சிறந்த பயிற்சி வேறில்லை.

திரவமும் படிகமும்

கரிமச் சேர்மங்களை அழுத்தும் வேலை பெங்களூருவுக்குள்ளேயே வேரூன்றியது 1970களில். அதற்குக் காரணமான இருவருமே ராமனின் சகோதரி மகன்கள். ஒருவர் எஸ். ராமசேஷன். படிகவியலில் ஒழுங்கற்ற சிதறல் முறையில் பெயர் பெற்ற அவர், பழைய விமான நிலையச் சாலையில் உள்ள தேசிய வானூர்தி ஆய்வகத்தில் பொருளறிவியல் பிரிவைக் கட்டியெழுப்பினார். விமானத்துக்கான ஆய்வகத்தில் அடிப்படை அறிவியலுக்கும் இடம் உண்டு என்று நம்பியவர். மற்றவர் எஸ். சந்திரசேகர். நோபல் பரிசு பெற்ற வானியலாளர் அல்லர். திரவப் படிக அறிஞர். மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறையை நிறுவி நடத்திய அவர், ராமன் மறைந்ததற்கு அடுத்த ஆண்டான 1971இல் ராமன் ஆய்வு நிலையத்துக்கு வந்து திரவப் படிக ஆய்வகத்தைத் தொடங்கினார்.

திரவப் படிகம் என்பது கரிம வேதியியலின் அதிசயங்களுள் ஒன்று. சாதாரணப் படிகம் சூடானால் நேராகத் திரவமாகிவிடும். குச்சி போல் நீண்ட சில கரிம மூலக்கூறுகளோ இடையில் ஒரு நிலையில் தங்கும். திரவம்போல் ஓடும், ஆனால் மூலக்கூறுகள் ஒரே திசை நோக்கி நிற்கும். கைக்கடிகாரத்திலும் தொலைக்காட்சித் திரையிலும் நாம் பார்ப்பது இந்த நிலையைத்தான்.

1973 டிசம்பரில் ராமன் ஆய்வு நிலையத்தில் பன்னாட்டுத் திரவப் படிக மாநாடு நடந்தது. அங்கே சந்திரசேகர், ராமசேஷன், ஆர். சசிதர் உள்ளிட்ட குழுவினர் முன்வைத்த ஒரு முடிவு இந்தக் கட்டுரையின் மையப் பொருளை நேரடியாகத் தொடுகிறது. அவர்கள் எடுத்துக்கொண்டது மெத்தாக்ஸி பென்சாயிக் அமிலம், எத்தாக்ஸி பென்சாயிக் அமிலம் என்ற இரண்டு எளிய கரிமச் சேர்மங்கள். இந்தக் குடும்பத்தின் நீளமான உறுப்பினர்கள் திரவப் படிகமாகும். மிகக் குட்டையான இந்த இரண்டும் ஆகா. சூடாக்கினால் படிகம் நேராக உருகிவிடும். ஆனால் அழுத்தத்தில் வைத்துச் சூடாக்கியபோது, இல்லாத திரவப் படிக நிலை தோன்றியது.

இதன் காரணத்தைப் பார்த்தால் அழுத்தம் எவ்வளவு நுட்பமாக வேலை செய்கிறது என்பது விளங்கும். இந்த அமிலங்களில் இரண்டிரண்டு மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோத்து ஒரு குச்சியாகின்றன. குச்சிகள் ஒரே திசையில் நிற்கும் ஒழுங்கு குலையும் வெப்பநிலை ஒன்று உண்டு. இயல்பான அழுத்தத்தில் அது படிகம் உருகும் வெப்பநிலையைவிடத் தாழ்ந்திருப்பதால், படிகம் உருகும்போதே அந்த ஒழுங்கும் இல்லாமல் போகிறது. அழுத்தம் கூடக் கூட இரண்டு வெப்பநிலைகளும் உயர்கின்றன. ஆனால் ஒழுங்கு குலையும் வெப்பநிலை வேகமாக உயர்ந்து உருகும் வெப்பநிலையைத் தாண்டிவிடுகிறது. அப்போது இரண்டுக்கும் இடையே புதிய நிலை ஒன்றுக்கு இடம் பிறக்கிறது. வேதியியலில் ஓர் அணுவைக்கூட மாற்றாமல், அழுத்தத்தை மட்டும் மாற்றி, ஒரு பொருளுக்கு இல்லாத குணத்தை வரவழைத்திருந்தார்கள்.

அதே ஆய்வகம் 1977இல் குச்சிக்குப் பதிலாகத் தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்று கண்டுபிடித்தது. பென்சீன் வளையத்தைச் சுற்றி ஆறு நீண்ட வால்கள் கொண்ட அந்த மூலக்கூறுகள், ஒன்றன்மேல் ஒன்றாகத் தூண்களாக அடுக்கிக்கொண்டன. சந்திரசேகர், சதாசிவா, சுரேஷ் மூவரும் எழுதிய அந்தச் சிறு கட்டுரை பெங்களூருவிலிருந்து வெளிவரும் ‘பிரமாணா’ இதழில் வந்தது. பின்னர் 1991இல் ஜாலஹள்ளியில் திரவப் படிகத்துக்கென்றே ஒரு மையத்தை சந்திரசேகர் தொடங்கினார்.

வானூர்தி ஆய்வகத்தில் உயர் அழுத்தப் பணி தொடர்ந்தது. அங்கே ஏ.கே. சிங் ஒரு சிக்கலைக் கையிலெடுத்தார். இரண்டு வைரங்களுக்கு நடுவே திடப்பொருளை நேரடியாக நசுக்கும்போது அழுத்தம் எல்லாத் திசையிலும் சமமாக இருப்பதில்லை. மேலும் கீழும் அதிகம், பக்கவாட்டில் குறைவு. அதனால் எக்ஸ் கதிர் காட்டும் அணு இடைவெளிகள் திசைக்குத் திசை வேறுபடும். அந்தப் பிழையை வைத்தே பொருளின் வலிமையையும் நெகிழ்ச்சியையும் கணக்கிடலாம் என்று 1993இல் அவர் வகுத்த சமன்பாடுகள், பூமியின் மையத்தில் உள்ள இரும்பைப் பற்றிய ஆய்வுவரை உலகெங்கும் பயன்பட்டன. இந்திய அறிவியல் கழகத்திலோ ஈ.எஸ். ராஜகோபால் தன் மாணவர்களோடு கண்ணாடிப் பொருள்களை அழுத்தி அவற்றைப் படிகமாக்கினார்.

பெங்களூருவில் பயின்றவர்கள் வெளியூர்களிலும் இதே வேலையைத் தொடங்கினார்கள். சென்னையில் பிறந்த ஆர். சிதம்பரம் 1962இல் இந்திய அறிவியல் கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, மும்பையின் டிராம்பேயில் உள்ள அணு ஆராய்ச்சி மையத்துக்குச் சென்றார். பின்னாளில் அணுசக்தி ஆணையத் தலைவரான அவர், தொடக்கத்தில் நியூட்ரான் கதிர்களால் அமினோ அமிலப் படிகங்களில் ஹைட்ரஜன் அணுக்களின் இருப்பிடத்தைத் தேடியவர். எக்ஸ் கதிருக்கு ஹைட்ரஜன் சரியாகத் தெரியாது, நியூட்ரானுக்குத் தெரியும். டிராம்பேயில் வளர்ந்த உயர் அழுத்தக் குழு 2003இல் கிளைசினின் ஆல்ஃபா வடிவத்தை 23 கிகாபாஸ்கல்வரை அழுத்திப் பார்த்தது. அது உருமாறவே இல்லை. அதே கிளைசினின் பீட்டா வடிவமோ ஒரு கிகாபாஸ்கலுக்கும் குறைவான அழுத்தத்திலேயே மாறிவிடுகிறது. மூலக்கூறு ஒன்றே, எந்த அடுக்கில் தொடங்குகிறோம் என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது.

1994இல் பெங்களூருவும் கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையமும் கைகோத்தன. கல்பாக்கத்திலிருந்து 1988இல் இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்திருந்த அஜய் சூத், சி.என்.ஆர். ராவ், சந்திரபாஸ் நாராயணா முதலியோர், 70 கார்பன் அணுக்களால் ஆன கூண்டு மூலக்கூறின் படிகத்தை வைரங்களுக்கிடையே நசுக்கினார்கள். சுமார் 20 கிகாபாஸ்கலில் ஒழுங்கு முற்றிலும் கலைந்தது. அழுத்தத்தை விலக்கியதும் பழைய நிலை திரும்பியது. நாராயணா அடுத்து அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஹைட்ரஜனை 342 கிகாபாஸ்கல்வரை அழுத்திய குழுவில் முதன்மை ஆசிரியரானார். 1998இல் ‘நேச்சர்’ இதழில் அது வெளிவந்தது. பின்னர் பெங்களூரு ஜக்கூரில் உள்ள ஜவாஹர்லால் நேரு உயர் ஆய்வு மையத்துக்குத் திரும்பினார்.

மாத்திரையின் உள்ளே

இத்தனை உழைப்பும் எதற்கு என்று கேட்பவருக்கு ஒரு மாத்திரை அட்டையைக் காட்டலாம். மாத்திரை என்பதே அழுத்திச் செய்த கரிமப் படிகப் பொடி. பாராசிட்டமாலின் வழக்கமான வடிவம் அழுத்தினால் நன்றாகக் கெட்டிப்படாது. அதனால் ஒட்டுப்பொருள் சேர்க்க வேண்டியிருக்கிறது. அதன் இரண்டாம் வடிவத்தில் மூலக்கூறுகள் தாள் தாளாக அடுக்கப்பட்டிருப்பதால் தாள்கள் வழுக்கி எளிதில் கெட்டியாகும். ஆனால் அந்த வடிவம் நிலையானதல்ல. 1998இல் எச்.ஐ.வி. மருந்தான ரிட்டோனவிரில் அதுவரை அறியப்படாத ஒரு படிக வடிவம் தானாகத் தோன்றியது. அது எளிதில் கரையவில்லை. விற்பனையிலிருந்த குளிகைகளைத் திரும்பப் பெற்று, மருந்தை வேறு விதமாகத் தயாரிக்க வேண்டியதாயிற்று. ஒரு மருந்துக்கு எத்தனை வடிவங்கள் சாத்தியம் என்று முன்கூட்டியே அறிவது உயிரும் பணமும் சம்பந்தப்பட்ட விஷயம். சாதாரண அழுத்தத்தில் ஒளிந்திருக்கும் வடிவங்களை வெளியே கொண்டுவர உயர் அழுத்தம் ஒரு நல்ல வழி.

படிகங்களைத் திட்டமிட்டு அடுக்கும் கலைக்குப் படிகப் பொறியியல் என்று பெயர். அதை ஒரு துறையாக நிலைநிறுத்தியவர்களில் முதன்மையானவர் 1952இல் சென்னையில் பிறந்த கௌதம் தேசிராஜு. 1989இல் அவர் எழுதிய நூல் அந்தத் துறைக்கு அடித்தளமானது. ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் முப்பதாண்டுகள் பணியாற்றிவிட்டு, 2009இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் திடநிலை மற்றும் கட்டமைப்பு வேதியியல் பிரிவுக்கு வந்தார். சி.என்.ஆர். ராவ் 1976இல் தொடங்கிய பிரிவு அது. அங்கே டி.என். குரு ராவ், அறை வெப்பநிலையில் திரவமாக இருக்கும் ஃபுளோரின் சேர்மங்களை நுண்குழாய்க்குள் குளிர்வித்தே படிகமாக்கி, மெலிந்த ஈர்ப்புகளை அளந்துகொண்டிருந்தார். திரவத்தை உறையவைக்கக் குளிர் ஒரு வழி, அழுத்தம் மறு வழி. இரண்டும் சில சமயம் வெவ்வேறு படிகங்களைத் தரும்.

தேசிராஜுவும் கழகத்தின் அப்போதைய பொருள் பொறியியல் பேராசிரியர் யு. ராமமூர்த்தியும் சேர்ந்து செய்த ஆய்வில் வைரம் வேறொரு வேடத்தில் வந்தது. நுண்பதிவு என்ற அந்த முறையில், வைரத்தால் ஆன கூரிய பிரமிடு முனையை ஒரே படிகத்தின் முகத்தில் மெல்ல இறக்குவார்கள். இறங்கும் ஆழம் நானோமீட்டர் கணக்கில். விசையை ஒரு அச்சிலும் ஆழத்தை மறு அச்சிலும் வரைந்தால், சீராக ஏறும் கோட்டில் திடீரென்று ஒரு தாவல் தெரியும். மூலக்கூறுத் தாள் ஒன்று மற்றொன்றின்மேல் வழுக்கிய கணம் அது. சாக்கரின் படிகத்தை ஒரு முகத்தில் அழுத்தினால் ஒரு விதமாகவும், இன்னொரு முகத்தில் அழுத்தினால் வேறு விதமாகவும் எதிர்வினை வந்தது.

இந்த முறை ஆஸ்பிரினின் ஒரு பழைய புதிரையும் தெளிவாக்கியது. 1899இல் சந்தைக்கு வந்த அந்த மருந்துக்கு இரண்டாம் படிக வடிவம் உண்டு என்று 2005இல்தான் சொல்லப்பட்டது. 2007இல் தேசிராஜுவும் டென்மார்க், ஜெர்மனி நண்பர்களும் இரண்டு வடிவங்களும் ஒரே படிகத்துக்குள் அடுத்தடுத்து வளர முடியும் என்று காட்டினார்கள். 2011இல் பெங்களூரு வைரமுனை, இரண்டாம் வடிவம் முதலாவதைவிட மென்மையானது என்று அளந்து சொன்னது. அதன் தாள்கள் எளிதில் வழுக்குவதால்தான் அது முதல் வடிவத்துக்கு மாறிவிடுகிறது. 2015இல் அமெரிக்காவில் வைரப் பட்டடைக்குள் ஆஸ்பிரினை அழுத்தியவர்கள், சுமார் 2 கிகாபாஸ்கலில் மூன்றாவது வடிவம் ஒன்றையும் கண்டார்கள்.

கடல் தாண்டிய ஒரு பெங்களூரு ஆய்வகம்

பட்டடைக்குள் இருக்கும் துணுக்கு மிகச் சிறியது. சாதாரண எக்ஸ் கதிர்க் குழாய் அதற்குப் போதாது. எலக்ட்ரான்களை வட்டப்பாதையில் ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் சுழற்றி, அவை உமிழும் எக்ஸ் கதிரைப் பயன்படுத்தும் சிங்குரோட்ரான் தேவை. இந்தோரில் இந்துஸ்-2 இருக்கிறது. அங்கே உயர் அழுத்த ஆய்வும் நடக்கிறது. ஆனால் இந்திய ஆய்வாளர்களின் தேவை அதைவிடப் பெரியது. அதனால் மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை நிதியளிக்க, இந்திய அறிவியல் கழகம் இத்தாலியின் திரியெஸ்தே நகரிலுள்ள எலெட்ரா நிலையத்தோடு கூட்டுச் சேர்ந்து இரண்டு கதிர்த்தடங்களை அமைத்தது. ஒன்று புரதப் படிகங்களுக்கு. ‘எக்ஸ்பிரஸ்’ என்று பெயரிட்ட மற்றொன்று முழுக்க முழுக்க உயர் அழுத்த எக்ஸ் கதிர்ச் சிதறலுக்கு.

இந்திய ஆய்வாளர்கள் தங்கள் மாதிரிகளோடு அங்கே போகிறார்கள். வைர முகங்களைத் துடைத்து, நுண்ணோக்கியின் கீழ் ஊசிமுனையால் படிகத் துணுக்கைத் துளைக்குள் இறக்கி, அருகில் ஒரு மாணிக்கத் துகளை வைத்து, திருகுகளை முடுக்கி, சிவப்பு ஒளிக்கோடு நகர்வதைப் பார்த்து அழுத்தத்தைக் குறித்துக்கொள்கிறார்கள். பிறகு கதிரைத் திறக்கிறார்கள். 1940களில் 20 மணி நேரம் காத்திருந்து பிடித்த ஒளிர்வு இப்போது சில விநாடிகளில் கணினித் திரைக்கு வந்துவிடுகிறது. தீராமல் இருப்பது அடுத்த கேள்வி: ஒரு மூலக்கூறின் வரைபடத்தை மட்டும் வைத்து, எந்த அழுத்தத்தில் அது எந்த அடுக்குக்கு மாறும் என்று கணினியால் முன்கூட்டிச் சொல்ல முடியுமா? சில சேர்மங்களுக்கு இப்போதே முடிகிறது, பலவற்றுக்கு முடியவில்லை. மருந்து நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் அதற்காகத்தான் ஒவ்வொரு சேர்மமாக அழுத்தி அளவுகளைச் சேர்த்துக்கொண்டிருக்கின்றன.